போனேனாம், போனேன்

“எம் மீசைய யாரு எடுத்தது?”

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் தலையில் கட்டோடு கிடந்த என் கணவர் தெளிவாகக் கேட்ட முதல் கேள்வி இதுதான். அதுவரை ‘தண்ணி’, ‘வலி’, ‘லைட்ட அணை’ என்று ஒற்றை ஒற்றைச் சொல்லாகத்தான் வந்துகொண்டிருந்தது. அன்று காலையில் கையைத் தூக்கி மேலுதட்டைத் தடவினார். விரல் அங்கேயே நின்றது. மறுபடி தடவிப் பார்த்தார்.

“தையல் போடத் தலைய மழிச்சாங்க, சரி. மீசைய எதுக்கு மல்லிகா எடுத்தாங்க?”

நான் கிண்ணத்தில் இட்லியைப் பிசைந்துகொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சுப் பழம் உரித்தார்கள். டெட்டால் வாடையையும் மீறி அந்த வாசனை வந்தது. இப்போதும் ஆரஞ்சு உரித்தால் எனக்கு அந்த வார்டுதான் ஞாபகம் வரும்.

என் கணவர் பெயர் ஏழுமலை. மீசை அரும்பிய வயதிலிருந்து அவர் அதை எடுத்ததே கிடையாது. எங்கள் கல்யாணப் போட்டோவில் முதலில் தெரிவது மீசைதான், பிறகுதான் மாப்பிள்ளை.

“சரி, வுடு. இங்கேர்ந்து எழுந்ததும் மொதல் வேலையா தொண்டூர் போவணும். நைனாவப் பாக்கணும். எத்தினி வருசம்தான் பேசாம இருக்கறது? நான் முடிவு பண்ணிட்டேன்.”

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் அவர் ஏற்கெனவே தொண்டூர் போய் நைனாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பார்த்த சில நாட்களில் அவருடைய நைனா, அதாவது என் மாமனார், இறந்தும் போயிருந்தார். மூத்த மகனாக நின்று கொள்ளி வைத்தவர் இவர்தான். அந்தத் துக்கத்துக்கு மழித்த மீசை அது.

ஒரு வாசகி கேட்டது

போன வாரம் செஞ்சி தொலைபேசி நிலையத்தில் நான் வேலை பார்த்த நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி போன் செய்தார். “அம்மா, யார் என்ன பேசினாங்கன்னு ஒரு வார்த்த விடாம எழுதறீங்களே, இவ்வளவும் எப்படி ஞாபகம் வெச்சிருக்கீங்க?” என்றார்.

பாராட்டுதான். ஆனால் போனை வைத்த பிறகு எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஒரு வார்த்தை விடாமல் எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. எழுத உட்கார்ந்தால் ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். அது எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம் என் வீட்டுக் கதையை எடுத்திருக்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டேன். “எழுதேன், இன்னா இப்ப?” என்று சொல்லிவிட்டார்.

பந்தியில் எழுந்தவர்

என் கணவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக விவசாயம். தொண்டூரில் கொல்லையும் கிணறும் உண்டு. எங்கள் பக்கம் விளைநிலத்தைத்தான் கொல்லை என்போம். மூத்தவர் இவர், இளையவர் வேலு. இவருக்குச் சின்ன வயதிலிருந்தே மண்ணைவிட மோட்டாரில்தான் கண். செஞ்சிக்கு வந்து திருவண்ணாமலை ரோட்டில் பட்டறை போட்டார். எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் வேலை. வாசலில் நின்றால் நேரே கோட்டை மலை தெரியும். சுற்றுவட்டார விவசாயிகளெல்லாம் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு இவரிடம்தான் வருவார்கள்.

மகன் கொல்லையை விட்டுப் போனதில் மாமனாருக்கு வருத்தம். வேலுவின் கல்யாணத்தில் அது வெடித்தது. பந்தியில் இவர் உட்கார்ந்திருக்கிறார், இலையில் சோறு விழுந்துவிட்டது. மாமனார் பந்தி விசாரித்துக்கொண்டே வந்தவர், இவர் இலைக்கு முன்னால் நின்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்:

“ஊர்ல இருக்கற மோட்டாரையெல்லாம் எம் புள்ள ஓட வெப்பான். எங்கொல்ல மோட்டாரு மட்டும் நின்னு கெடக்கும்!”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் விளையாட்டாகத்தான் சொன்னாரோ என்னவோ. இவர் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

பெரிய சண்டை என்றால் யாராவது நடுவில் புகுந்து சமாதானம் செய்வார்கள். இது ஒரு வாக்கியம். ஒரு வாக்கியத்துக்கு எப்படிப் பஞ்சாயத்து பேசுவது? வருஷங்கள் ஓடின. நான் மட்டும் நல்ல நாள், கெட்ட நாளுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு தொண்டூர் போய் வருவேன். திரும்பி வந்ததும் இவர், “மழ பேஞ்சிதா அங்க?” என்று கேட்பார். நைனா எப்படி இருக்கிறார் என்று கேட்பதற்கு அவர் வைத்திருந்த வழி அது.

அப்புறம் சொல்றேன்

பிறகு மாமனாருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. வேலுவும் அவன் மனைவி செல்வியும்தான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். கடைசிக் கட்டத்தில் மூச்சு விட முடியாமல் போய், கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். குழாய் வைத்த நாளிலிருந்து அவருக்குப் பேச்சு இல்லை.

நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து இவரிடம் சொன்னேன். மழையைப் பற்றி அன்று இவர் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, “நாளைக்கு தொண்டூர் போறேன்” என்றார்.

மறுநாள் எனக்கு டியூட்டி. இவர் தனியாகத்தான் போனார். வேலு கொல்லைக்குப் போயிருந்தான். மாமனார் படுத்திருந்த அறைக்குள் இவர் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் இருந்தார் என்று செல்வி பிற்பாடு சொன்னாள்.

சாயங்காலம் வந்து முகம் கழுவினார். இரண்டு முறை சாதம் போட்டுக்கொண்டார்.

“இன்னா ஆச்சி?” என்று கேட்டேன்.

“அப்புறம் சொல்றேன்.”

அந்த ‘அப்புறம்’ வரவில்லை. அந்த வாரமே மாமனார் போய்விட்டார். சாவு வீட்டில் எதைக் கேட்பது? கருமாதி முடிந்த மறுநாள், தொண்டூரிலிருந்து செஞ்சிக்குத் திரும்பும்போது இவர் வண்டிக்குக் குறுக்கே ஆடு பாய்ந்தது. தலை ரோட்டில் மோதிவிட்டது.

கண் விழித்தபோது அவருக்குக் கடைசியாக ஞாபகம் இருந்தது, கை கழுவிக்கொண்டே ‘நாளைக்கு தொண்டூர் போறேன்’ என்று சொன்னது. போனது, பார்த்தது, நைனா செத்தது, கொள்ளி வைத்தது, மீசை எடுத்தது எல்லாம் துடைத்ததுபோல் போய்விட்டன. தலையில் பலமாக அடிபட்டால் அடிபடுவதற்கு முந்தைய கொஞ்ச காலம் இப்படி அழிந்துபோவதுண்டு, சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார் டாக்டர். இவருக்கு இதுவரை திரும்பவில்லை.

அந்த அறையில் இருந்தவர்கள் இருவர். ஒருவர் செத்துப்போனார். இன்னொருவர் மறந்துபோனார்.

காலையில் ஒரு சாவு, மாலையில் ஒரு சாவு

மீசைக் கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லிவிட்டேன். மறைக்க முடியுமா? கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது.

மாலையில் எழுந்து மேலுதட்டைத் தடவினார். “எம் மீசைய யாரு எடுத்தது?”

அந்த நாட்களில் புதிதாகச் சொல்லும் எதுவும் அவர் மனதில் நிற்கவில்லை. காலையில் சொன்னால் மாலைக்குள் உதிர்ந்துவிடும். திரும்பத் திரும்பக் கேட்டார். திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவருக்கு நைனா புதிதாகச் செத்தார். அழுகையில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

அழுதுவிட்டு ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பார். “நான் போனனா மல்லிகா? உயிரோட இருக்கும்போது போனனா?”

“போனீங்க. நீங்க போனீங்க இல்ல, அது போதும்” என்பேன்.

வேறு எதைச் சொல்லித் தேற்றுவது என்று தெரியவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே அதையே சொன்னேன். அந்த வார்டில் அந்த வாக்கியத்தை எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது.

யானையும் மழையும்

வீட்டுக்கு வந்த பிறகு அவர் தேற ஆரம்பித்தார். சொன்னது மனதில் நிற்கத் தொடங்கியது. அழிந்துபோன நாட்களைப் பற்றி எல்லோரிடமும் விசாரித்தார். வேலுவைப் பட்டறைக்கு வரச்சொல்லி உட்கார வைத்துக் கேட்பார்.

“நைனாவ வீட்லேர்ந்து எடுத்தப்ப நான் அழுதனா?”

“அழுதீங்கண்ணா. மழ வேற தூறிச்சி. கொட புடிச்சாங்க.”

அதே கேள்வியைச் செல்வியிடம் கேட்டால், “மழையா? கால் வெக்க முடியல, அப்படி ஒரு வெயிலு” என்பாள். இருவரும் அங்கே இருந்தவர்கள்தான். எனக்குக் குடை ஞாபகம் இருக்கிறது. கறுப்புக் குடை, ஒரு கம்பி மடங்கியது. ஆனால் அது மழைக்குப் பிடித்ததா வெயிலுக்குப் பிடித்ததா என்று எவ்வளவு யோசித்தாலும் சொல்ல முடியவில்லை.

இதில் நான் யாரையும் குறை சொல்ல முடியாது. செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு கோயில் யானை வாழைமண்டிக்குள் தலையை விட்டுத் தாரை இழுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மண்டிக்காரர் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடியது, தரையில் நசுங்கிய பழத்தின் வாசனை, யானையின் காதோரத்தில் இருந்த இளஞ்சிவப்புப் புள்ளிகள் எல்லாம். அதை ஒருநாள் வீட்டில் விவரித்துக்கொண்டிருந்தேன். என் அக்கா கேட்டுவிட்டு, “ஏண்டி, அப்ப நீ பொறக்கவே இல்ல. அம்மா வயித்துல இருந்த” என்றாள். அம்மாவும் ஆமாம் என்றாள். பிறக்காதவள் பார்த்த யானை! இன்றைக்கும் அந்தப் புள்ளிகள் என் கண்ணில் நிற்கின்றன, என்ன செய்வது?

எங்கள் ஊர்க் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களைக் கேளுங்கள். ராஜாவின் குதிரை தாண்டிய இடம் இதுதான் என்று ஒருவர் ஒரு பாறையைக் காட்டியிருப்பார், இன்னொருவர் வேறு பாறையைக் காட்டியிருப்பார். இரண்டு பேரும் சத்தியம் செய்வார்கள்.

அவர் சொன்ன கதை

முதலில் அவர் அந்த நாளைப் பற்றிப் பேசும்போது இப்படிச் சொல்வார்: “தொண்டூர் போனேனாம். கதவச் சாத்திக்கினேனாம். ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தேனாம்.” அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொண்டவன் பேசும் பேச்சு. நேர்மையான பேச்சு.

ஒரு வருஷம் போயிருக்கும். பட்டறைக்கு டீ எடுத்துக்கொண்டு போனேன். மோட்டார் கொண்டுவந்த ஒருவரிடம் இவர் சொல்லிக்கொண்டிருந்தார். “தொண்டூர் போனேன். கதவச் சாத்திக்கினு நைனா பக்கத்துல ஒக்காந்தேன். தைல வாசன. ஃபேன் காத்துல காலண்டர் பொரண்டுக்கினே இருக்குது. நைனா எங்கைய புடிச்சிக்கினு சொன்னாரு. ‘நீ வந்துட்ட இல்ல, அது போதும்டா.’”

நான் ஃபிளாஸ்க்கோடு நின்றுவிட்டேன்.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான். ஞாபகம் திரும்பிவிட்டதே! அடுத்த நொடியே மாமனாரின் கழுத்துக் குழாய் கண்முன் வந்தது. அவர் எப்படிப் பேசியிருப்பார்? பிறகுதான் அந்த வாக்கியம் எனக்கு அடையாளம் தெரிந்தது. அது என்னுடையது. ஆஸ்பத்திரியில் முதுகைத் தடவிக்கொண்டே நான் சொன்னது. மனதில் எதுவும் தங்காத அந்த நாட்களில், யார் சொன்னது என்பது உதிர்ந்து, சொன்னது மட்டும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிற்பாடு அது தனக்கு ஒரு வாயைத் தேடிக்கொண்டது.

அன்றிரவே குழாயைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். “ஆமா, சொன்னியே” என்றார். மறுவாரம் வேறொருவரிடம் அதே கதையைச் சொன்னார். குழாய் ஒருபக்கம் இருந்தது, நைனாவின் குரல் ஒருபக்கம் இருந்தது. இரண்டும் அவருக்குள் முட்டிக்கொள்ளவே இல்லை.

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. ஏனென்றால் அந்தக் கதை வந்த பிறகுதான் மனிதர் நிமிர்ந்தார். நன்றாகத் தூங்கினார். தொண்டூர் கொல்லையில் பல வருஷமாக நின்றுகிடந்த அந்த மோட்டாரை, தானே போய்க் கழற்றி எடுத்துவந்து, காயில் கட்டி ஓட வைத்தார். அண்ணன் தம்பி போக்குவரத்து சகஜமானது. ஒரு வாக்கியத்தால் அறுந்தது இன்னொரு வாக்கியத்தால் ஒட்டியது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது வாக்கியம் நடந்ததா நடக்கவில்லையா என்று ஏன் நோண்டவேண்டும்?

அதில் இன்னொருத்திக்கு வலிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

செல்வி பேசினாள்

போன வருஷம் மாமனாரின் நினைவு நாள். தொண்டூரில் படையல். கூடத்தில் அவர் படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, வடை எல்லாம் வைத்துக் கும்பிட்டோம். பிறகு பிள்ளைகளுக்குச் சாப்பாடு. என் மகள் பிள்ளைகள், வேலுவின் பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

“இந்தத் தாத்தா எப்படிப் பேசுவாரு?” என்று படத்தைக் காட்டி என் பேத்தி கேட்டாள்.

இவர் உற்சாகமாகிவிட்டார். அந்த நாளைச் சொன்னார். தைல வாசனை, காலண்டர், கையைப் பிடித்தது. கடைசியில் நைனாவின் குரலிலேயே, கொஞ்சம் கட்டைக் குரலில், “நீ வந்துட்ட இல்ல, அது போதும்டா” என்று சொல்லிக் காட்டினார்.

செல்வி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி கிண்ணத்துக்குள் விழுந்த சத்தம் கேட்டது.

“மாமா, அவருக்கு அப்ப பேச்சே கெடையாது.”

செல்வி அதிர்ந்து பேசாதவள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இவர் முன்னால் நிமிர்ந்து நின்று அவள் பேசி நான் பார்த்ததில்லை.

“கொழாய் வெச்சப்புறம் ஒரு வார்த்த வரல அவருக்கு. சளிய எடுத்து, துணிய மாத்தி, அத்தினி நாளும் பக்கத்துலயே கெடந்தேன். எம்பேர ஒரு தடவ கூப்புட மாட்டாரான்னு ஏங்கினேன் மாமா. எங்கிட்ட வராத பேச்சு, உங்ககிட்ட மட்டும் எப்படி வரும்? வருசா வருசம் இதச் சொல்றீங்க. எனக்கு எப்படி இருக்கும்னு யாராச்சும் நெனச்சீங்களா?”

ரசக் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வேலு, “ஏய், செல்வி!” என்று எழுந்தான். இவர் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அது யார் குரல்?

வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அப்ப நான் சொல்றது பொய்யா?”

“பொய் சொல்றவனுக்கு அது பொய்னு தெரியும். உங்களுக்குத் தெரியாது. அப்புறம் எப்படி அது பொய்யாவும்?”

“எனக்குக் கேக்குது மல்லிகா. நைனா கொரலு இப்பக்கூட கேக்குது. அப்ப அந்த வார்த்த எங்கேர்ந்து வந்துது?”

இனி சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “அது நான் சொன்னதுங்க. ஆஸ்பத்திரில. நீங்க அழும்போதெல்லாம் சொன்னேன்.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். “அப்பிடியா” என்று மட்டும் சொன்னார். பிறகு, “நீ சொன்னதுன்னு தெரிஞ்சப்புறமும் அவர் கொரல்லதான் கேக்குது” என்றார்.

“கேக்கட்டும். அதனால இன்னா?”

“செல்வி அழுவுதே.”

அடுத்த சில நாட்கள் பட்டறையில் வேலை ஓடவில்லை. காயில் சுற்றும்போது எண்ணிக்கை தவறி, சுற்றியதைப் பிரித்துப் பிரித்து மறுபடி சுற்றினார். ஒரு காலையில் பட்டறையைத் திறக்காமல், “நீயும் வா” என்று வண்டியை எடுத்தார்.

மல்லாட்டை ஆய்ந்தபடி

நாங்கள் போனபோது வேலு வீட்டில் இல்லை. பிடுங்கி வந்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடிகள் வாசலில் குவிந்து கிடந்தன. செல்வி வேப்பமர நிழலில் உட்கார்ந்து ஒவ்வொரு செடியாக எடுத்து உதறிக் காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

“அன்னிக்கு ஏதோ வாய் தவறி…”

“ஒக்காரு செல்வி” என்றார் இவர். தானும் மண்ணில் உட்கார்ந்து ஒரு செடியை இழுத்து வைத்துக்கொண்டார். நானும் உட்கார்ந்தேன். மூன்று பேரும் காய் ஆய்ந்தோம். ஈரமண் வாசனை வந்துகொண்டிருந்தது.

“நைனா கடைசில எப்படி இருந்தாரு? எனக்குச் சொல்லு” என்றார்.

செல்வி என்னைப் பார்த்தாள். அவளை யாரும் அதுவரை இதைக் கேட்டதில்லை. வேலுவைக் கேட்டார்கள், என்னைக் கேட்டார்கள். அந்த நாட்களெல்லாம் மாமனாரின் பக்கத்திலேயே இருந்தவள் அவள்.

தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள். பேச முடியாததால் மாமனார் கட்டில் கம்பியைத் தட்டுவாராம். மெதுவாகத் தட்டினால் தண்ணீர். மோதிரத்தால் தட்டினால் சளி எடுக்கவேண்டும். ராத்திரியில் தூக்கம் வராமல் சும்மாவும் தட்டுவார், அடுப்படியிலிருந்து இவள் தட்டைத் தட்டிப் பதில் கொடுப்பாள். “அதான் எங்க பேச்சு” என்றாள். சொல்லும்போது லேசாகச் சிரித்தாள்.

“நான் வந்த அன்னிக்கி?” என்று இவர் கேட்டார்.

“கொழாய தொடைக்கற நேரம்னு கதவத் தள்ளினேன். அவரு கால உங்க மடில வெச்சிக்கினு நகம் வெட்டிக்கினு இருந்தீங்க. நான் அப்படியே திரும்பிட்டேன்.”

இவர் கை நின்றது. அந்த அறைக்குள் நடந்ததைக் கண்ணால் பார்த்த ஒருத்தி இவ்வளவு நாளும் தொண்டூரிலேயே இருந்திருக்கிறாள்!

நான் அவர் முகத்தையே கவனித்தேன். ஏதாவது திரும்பி வருகிறதா என்று. அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார், நகம் வெட்டிய கை இதுதானா என்பதுபோல. பிறகு தலையை ஆட்டினார்.

“ஒண்ணும் தெரியல செல்வி. யாரோ ஒருத்தன் எவனுக்கோ வெட்டின மாதிரி இருக்குது. நடக்காதது காதுல கேக்குது, நடந்தது ஒண்ணும் தெரியல.”

செல்வி ஒரு செடியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆயாமல் உட்கார்ந்திருந்தாள்.

“பேசற தெம்பு மட்டும் இருந்திருந்தா,” என்றார் இவர், “நைனா மொதல்ல உம் பேரத்தான் கூப்புட்டிருப்பாரு. அது எனக்குத் தெரியும்.”

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை. முன்பு ஆஸ்பத்திரியில் அப்படிச் சொன்னது போதும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு செல்வியே மறுபடி பேசினாள். “ஒண்ணு சொல்றேன் மாமா. நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கி, பொழுது சாயற வரைக்கும் அவரு கட்டிலத் தட்டவே இல்ல. தண்ணிகூட கேக்கல. எனக்கு பயமாயிடுச்சி. போய்ப் போய்ப் பாக்கறேன். கண்ணத் தொறந்துக்கினு, மேல கூர ஓட்டப் பாத்துக்கினு அமைதியா கெடந்தாரு.”

“கோவமா இருந்தாரா?”

“கோவம்னா எனக்குத் தெரியாதா? கோவம்னா கட்டிலே ஒடையறா மாதிரி தட்டுவாரு.”

இவர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நகத்துக்கு வராத கண்ணீர் இதற்கு வந்தது.

“அத இன்னொரு தடவ சொல்லு செல்வி.”

செல்வி சொன்னாள். இந்தத் தடவை தயக்கம் இல்லை, கதை தானாகவே நடந்தது. பொழுது சாயும் வரை தட்டவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. இவள் பயந்து போய்ப் போய்ப் பார்த்தாள். “கண்ணத் தொறந்துக்கினு, நீங்க போன வழியவே பாத்துக்கினு கெடந்தாரு மாமா.”

சற்று முன்பு அவள் சொன்னபோது அவர் கூரை ஓட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்விக்கு அது தெரியவில்லை. இவருக்கும் தெரியவில்லை. செடியை மடியில் போட்டுக்கொண்டு, வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் குவியலிலிருந்து ஒரு செடியை எடுத்து, மண்ணை உதறி, காய் ஆயத் தொடங்கினேன்.